மின்னல் குடித்த நாற்றுகள்

மேகம் கிடையாது, மழை கிடையாது. கண்ணாடிக் குடுவைக்குள் மட்டும் ஓயாமல் மின்னல் வெட்டுகிறது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

அளவுக்காரியின் அம்மா செய்த இயந்திரம்தான். இரண்டு கம்பிகளுக்கு நடுவே மின்பொறி பாயும். காற்றிலிருக்கிற நைட்ரஜன் அதில் சிக்கித் தண்ணீரில் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரே பயிருக்கு உரம்.

நாற்றுப்பண்ணை முதலாளியம்மா லேசில் நம்புகிறவர் இல்லை. பத்து நாள் கெடு வைத்தார். முதல் தட்டுத் தக்காளி நாற்றுக்கு வழக்கமான உரத்தண்ணீர். இரண்டாம் தட்டுக்கு மின்னல் தண்ணீர். தோற்றால் இயந்திரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். அம்மாவின் இரண்டு வருட உழைப்பு.

தினமும் பள்ளி விட்டதும் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவது மகளின் பொறுப்பு. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

எட்டாம் நாள் பள்ளி அரைநாளோடு விட்டது. பண்ணைக்குள் வந்தவள் அப்படியே நின்றாள். உரம் கலக்குகிற தோட்டக்காரர் இரண்டாம் தட்டில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். இயந்திரம் ஜெயித்தால் முதலில் போவது அவர் வேலைதான். அது எல்லோருக்கும் தெரியும்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க, மாமா. என்னத்த ஊத்துறீங்க?"

அவர் குவளையை நீட்டினார். மோந்து பார்த்தாள். வெறும் தண்ணீர்.

"உங்கம்மா தண்ணியில புளிப்பு ஏறிப்போச்சு, கண்ணு. இலை ஓரமெல்லாம் கருக ஆரம்பிச்சுது. நாலு நாளா மத்தியானத்துல அலசி விடுறேன். நாத்து என்ன பாவம் பண்ணுச்சு? அம்மாகிட்ட சொல்லிடாதே, முகம் வாடிப்போயிடும்."

பத்தாம் நாள் இரண்டாம் தட்டு ஒரு விரற்கடை உயரமாக நின்றது.

முதலாளியம்மா குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். நாளையிலிருந்து பண்ணை முழுக்க இந்தத் தண்ணீர்தான் என்றார். இனி உரம் கலக்க ஆள் வேண்டாமென்று தோட்டக்காரரிடம் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு அளவுக்காரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அம்மா காய்ந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே, அந்த நோட்டைக் கொண்டா. கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார் முதலாளியம்மா.

அளவுக்காரி திரும்பிப் பார்த்தாள். அந்தக் கோடி வரைக்கும் நாற்றுத் தட்டுகள். நாளைக்கு அலசிவிட ஆளில்லை.

பேனாவை எடுத்து, 'ஐந்தாம் நாளிலிருந்து இரண்டாம் தட்டில் வெறும் தண்ணீரும் ஊற்றப்பட்டது' என்று எழுதினாள். யார் ஊற்றியது என்று எழுதவில்லை. நோட்டை நீட்டினாள்.