சங்கு மாறும் முறை

சங்குக்குள் குடியிருக்கும் செங்கால் நண்டு, சங்கு மாறும் முறையைக் கடற்கரை மணலில் கீறி வைத்தது: ‘பழைய சங்கை விட்டு வெளியே வா. புதியதில் நுழை.’ புதிதாக வருகிறவர்கள் மிரளக் கூடாதே என்று, ‘ரொம்பச் சுலபம்’ என்றும் சேர்த்தது.

மறுநாள், கரைக்குப் புதிய நண்டு ஒன்று பாறையிடுக்கில் வெற்றுடம்போடு ஒடுங்கிக் கிடந்தது.

“புதுச் சங்கு பூரா மணல், அக்கா. நுழைய முடியல. அதுக்குள்ள பழசை அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு.”

“வெளியே வர்றதுக்கு முன்னாடியே மணலைக் கொட்டியிருக்கணுமே!”

சொன்ன பிறகுதான், அதை எழுதவே இல்லை என்பது செங்காலுக்கு உறைத்தது.

“நீங்க சுலபம்னுதான் எழுதியிருந்தீங்க. என் மரமண்டைக்குத்தான் அது தோணல.”

வெட்கத்தில் செங்காலுக்குத் தலையைச் சங்குக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சங்கே இல்லாதவள் எதிரில் அதைச் செய்யவும் கூசியது.