பல்லிக்கு யார் சகுனம் சொல்வது?

நரியின் ஆலோசனைக் கம்பெனியில் பல்லிக்குச் சுவரில்தான் உத்தியோகம். நரி சொல்லும் யோசனைக்கு வந்தவர் தயங்கினால், பல்லி "ச்சு ச்சு" என்று சொல்லும். நல்ல சகுனம் என்று அவரும் சம்மதித்துவிடுவார்.

எதிர்க்கட்டடத்து ஆந்தையின் கம்பெனி பல்லியை வேலைக்குக் கூப்பிட்டது. அன்றோடு மூலையில் குடியிருந்த சிலந்திக்கு நிம்மதி போயிற்று. யோசிக்கிறேன் பேர்வழி என்று பல்லி குறுக்கும் நெடுக்கும் ஓடி, அதன் வலையை அறுத்துக்கொண்டே இருந்தது.

"அங்க டியூப்லைட் இருக்கு, பூச்சி தானா வரும். ஆனா நரி பழகின ஆளு. நீ என்ன சொல்றே?"

"போய்த் தொலையேன்! இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஆந்தை பதில் கேட்டிருக்கில்ல? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்றியே, உனக்கு ஒண்ணு சொல்லிக்கோயேன்!" என்று கத்தியது சிலந்தி.

"நானே சொன்னா செல்லாது. வேற பல்லி சொல்லணும்."

இருட்டியது. எதிர்ச்சுவரில் டியூப்லைட் எரிந்தது. அங்கிருந்து "ச்சு ச்சு" என்று சத்தம் வந்தது.

"கேட்டியா? நல்ல சகுனம்! கிளம்பிட்டேன்!" பல்லி துள்ளியதில் வலை மறுபடி அறுந்தது.

சிலந்தி எட்டிப் பார்த்தது. டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு புதுப் பல்லி பூச்சி மென்றுகொண்டிருந்தது.

"போயிட்டு வா," என்றது சிலந்தி. "திரும்பி வரும்போதாவது என் வலையை மிதிக்காம வா."