இறங்குமுகம்

"இது பஸ்ஸா, ஏரோப்ளேனா? 'வாங்க, உங்க பயணம் இனிதா அமையட்டும்'னு ஒவ்வொருத்தரையா வரவேற்கறாரே உங்க டிரைவர்!"

காசோண்டே அம்மா கேட்டதும் பேருந்தே சிரித்தது. தலைநகர் லுசாக்காவில் சோளமாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சிருண்டு எல்லைச் சந்தைக்குப் போகும் வியாபாரி அவள். எந்த வண்டியில் ஏறினாலும் அதன் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அன்றைக்கு அவள்தான் மாமியார்.

கண்டக்டர் லுயாண்டோ டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். "பழக்கம், அக்கா. நானும் டிரைவர் சிமசிகுவும் நம்ம நாட்டு விமானக் கம்பெனியில வேலை பார்த்தவங்க."

"அந்த மூடின கம்பெனியா? சரியாப்போச்சு! ஆகாசத்துல இருந்து விழுந்து, ரோட்டுக்கு வந்துட்டீங்களா?"

"விழலை அக்கா. மூடிட்டாங்க." லுயாண்டோவின் சிரிப்பு மறைந்தது. "லண்டனுக்குப் பறந்தோம், பம்பாய்க்குப் பறந்தோம். வாலில செம்பு நிறப் பட்டையோட நம்ம விமானம் போய் இறங்கினா, அங்கே படிக்கிற நம்ம பிள்ளைங்க வேலியோரம் நின்னு கையாட்டும். நான் இருந்த பன்னிரண்டு வருஷத்துல ஒரு பயணிக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. ஒரு டிசம்பர் காலையில ரேடியோவுல சொன்னாங்க, இனிமே கம்பெனி கிடையாதுன்னு. அன்னைக்குப் போட்டுக்க யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வெச்சிருந்தேன்."

லுயாண்டோ அடுத்த டிக்கெட்டைக் கிழித்தாள்.

"அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து இந்தப் பழைய பஸ்ஸை வாங்கினோம்."

"வாங்கி என்ன? அவர் ஓட்டறார், நீ சீட்டுக்கு நடுவுல நடந்துக்கிட்டு இருக்கே. அங்கேயும் இதே கதைதானே?"

லுயாண்டோ பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் மேட்டு நிலம் முடிந்து மலைச்சரிவு தொடங்கியிருந்தது. வண்டிக்கு அடியில் எதுவோ 'டப்'பென்று வெடித்தது.

சிமசிகு பிரேக்கை மிதித்தான். கால் தரைவரை போனது.

அவன் கண்ணாடியில் லுயாண்டோவைப் பார்த்தான். அவள் நாலே எட்டில் வந்து அவன் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடப்பக்கம் பாறைச் சுவர். வலப்பக்கம் கிடுகிடு பள்ளம். அதன் அடியில் பழைய லாரிகளின் எலும்புக்கூடுகள்.

"பிரேக் போச்சு!" யாரோ அலறினார்கள். கூடைக் கோழிகள்கூடக் கத்தத் தொடங்கின.

"மூணாவது கியருக்கு வா," என்றாள் லுயாண்டோ. என்ஜின் ஊளையிட்டது. "இப்போ ரெண்டு."

"விழ மாட்டேங்குது!"

"விழும். ஆக்சிலேட்டரைக் கொடுத்து மறுபடி தள்ளு."

விழுந்தது.

"கை பிரேக்கை ஒரேயடியா இழுக்காதே. இழு, விடு. இழு, விடு."

"அடியே, அவரைத் தொந்தரவு பண்ணாதே!" காசோண்டே அம்மா கத்தினாள். "அவருக்குத் தெரியாததையா நீ சொல்லித் தரப்போறே? நீ வந்து எங்களைப் பாரு!"

சிமசிகு திரும்பாமலே குரலை உயர்த்தினான். நெற்றியில் வியர்வை வழிந்தாலும் குரலில் நடுக்கமே இல்லை. "எல்லாரும் தலையைக் குனிஞ்சு முன் சீட்டை இறுக்கிப் பிடிச்சுக்குங்க. குழந்தைங்களை மடியோட அணைச்சுக்குங்க. பயப்பட வேண்டாம்."

அந்தக் குரலுக்கு அலறல் அடங்கியது. தலைகள் குனிந்தன.

முன்னால் ஒரு டேங்கர் லாரி நத்தையாக இறங்கிக்கொண்டிருந்தது. "எதிர்ல யாரும் இல்லை. தாண்டு," என்றாள் லுயாண்டோ. மயிரிழை இடைவெளியில் தாண்டினார்கள்.

"அடுத்த வளைவுல இடப்பக்கம் கல் குவாரிக்கு ஏறுற பாதை வரும். அதுல ஏத்தணும்."

"ரொம்பக் குறுகலாச்சே!"

"நமக்குப் போதும். நான் சொல்றப்போ திருப்பு. இன்னும் இல்லை... இன்னும் இல்லை... இப்போ!"

பேருந்து சரளைக்கல்லில் பாய்ந்தது. ஒரு பக்கம் பாறையில் உரசித் தீப்பொறி பறந்தது. மூட்டைகள் வெடித்து உள்ளே மாவு வெள்ளைப் புகையாய் நிறைந்தது. மேடு ஏற ஏற வேகம் குறைந்தது. வண்டி இருமியது. நின்றது.

"கியர்லயே விட்டு என்ஜினை நிறுத்து," என்று சொல்லிவிட்டு லுயாண்டோ குதித்து இறங்கி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள்.

முப்பத்தெட்டுப் பேரும் இறங்கினார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் மாவு அப்பி வெள்ளையாக நின்றார்கள். ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. முதலில் ஒரு பெண் குலவையிட்டாள். பிறகு மலையே அதிரும்படி எல்லோரும். ஆண்கள் சிமசிகுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

காசோண்டே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூவினாள். "உங்க கம்பெனியைக் கேலி பண்ணின என் வாயில மண்ணைப் போடு தம்பி! ஏரோப்ளேன் ஓட்டின கைன்னா சும்மாவா? கேப்டன்!"

"கேப்டன்! கேப்டன்!" கூட்டம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது.

சிமசிகு தோள்களிலிருந்து வழுக்கி இறங்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சக்கரத்தருகே வெடித்த பிரேக் குழாயைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த லுயாண்டோவின் முன்னால் போய், விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

"நான் விமானத்துல சாப்பாட்டு வண்டி தள்ளினவன், அம்மா," என்றான் காசோண்டே அம்மாவிடம். "கேப்டன் இவங்க. பஸ் ஓட்டற லைசென்ஸ்தான் இன்னும் வாங்கலை!"