பதினாறு லாட்ஜுக்கும் ஒரே முகவரி

“பேக்க எடுத்துட்டு எறங்குலே. கம்ப்யூட்டர்ல கைய வச்சியா, ஒடிச்சிருவேன்” என்றார் குமாரதாஸ்.

ஜாஸிம் போன் சார்ஜரைச் சுருட்டினான். வயர் கைக்கு அடங்கவில்லை. முதலாளி ராஜபாய் மேடம் எதிரே நின்றார்.

கன்னியாகுமரி லாட்ஜுகள் பதினாறின் புக்கிங்கைக் கவனிக்கும் ஆபீஸ் அது. ஆட்கள் மொத்தம் இந்த மூன்று பேர்தான். லாட்ஜுக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல்; விருந்தினருக்குப் போகும் மெசேஜ் விவரத்தை அதிலிருந்துதான் எடுக்கும். அதில் டாலர் குறி போட்ட இடத்திலெல்லாம் பெயரையும் முகவரியையும் நிரப்ப ஜாஸிம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். குமாரதாஸ் மூன்று நாள் உட்கார்ந்து கையால் தட்டுகிற வேலையை அது கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

சனிக்கிழமை போன புக்கிங் மெசேஜ் எல்லாவற்றிலும் ஒரே முகவரி. சூரிய உதயம் பார்க்க வந்த அத்தனை கூட்டமும் பிள்ளைகுட்டி, பெட்டிபடுக்கையோடு ஒரே லாட்ஜ் வாசலில் போய் நின்றது.

“நம்மள நாறடிச்சிட்டியேலே!” குமாரதாஸ் மேசையில் ஓங்கி அடித்தார். “இனி நாகர்கோவில்ல எவன் உனக்கு வேலை தருவான்னு நானும் பாக்கேன்.”

“அண்ணே, நான் அந்த ஃபைல்களைத் தொடவே இல்ல. மேடம், ஒரு ஃபைலைத் தொறந்து முதல் வரியை மட்டும் வாசிங்க. அங்கயும் டாலர் குறி போட்டிருக்கேன். ஆருக்க கம்ப்யூட்டர்ல ஓட்டினதுன்னு ஸ்கிரிப்டே எழுதி வச்சிரும்.”

“வாசிங்க மேடம், நல்லா சத்தமா வாசிங்க! இவனுக்க பேருதான் இருக்கும்.”

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்தார். “ஜாஸிம்னுதான் இருக்கு.”

ஜாஸிம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“பாத்தியளா? செய்ததையும் செய்துட்டு நடிக்கதப் பாருங்க. வெளிய போலே!”

“பொறும், வரி இன்னும் முடியல.” மேடம் விரலை வைத்து வாசித்தார். “வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒண்ணேகால்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். பார்த்தது ஜாஸிமை அல்ல.

“அந்நேரம் இவன் ஜும்மா தொழுகையில, நான் சர்ச்சுல உபவாச ஜெபத்துல. இவனுக்க கம்ப்யூட்டர் இங்கதான் இருந்துது. ஆபீஸ் சாவி ஆருக்க கையில இருந்துது, குமாரதாஸ்?”