பத்தரை டன்

உலோகச் சோதனைக்கூடத்தில், அழுத்தும் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து பிரிவுத் தலைவர் உள்ளே தலையை நீட்டியிருந்தார்.

இயந்திரம் ஓடும்போது அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டிவைத்தவரே அவர்தான். விதியெல்லாம் மற்றவர்களுக்கு.

இரண்டு எஃகுத் தட்டுகளுக்கு நடுவே விரல் கனத்தில் ஒரு டைட்டானியத் துண்டு நசுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் வயிறு தள்ளிவிட்டது. எட்டு டன். ஒன்பது. பிடிவாதம் பிடித்த உலோகம். நசுங்க நசுங்க இறுகிக்கொண்டே போகும்.

"பாத்தீங்களா மேடம், அடி வாங்க வாங்கத்தான் உறுதியாகுது. இன்னும் தாங்கும்."

பின்னால் நின்ற நாலு பேருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார். மூன்று பேர் சிரித்தார்கள். ஸ்டோர் கீப்பர் சிரிக்கவில்லை.

இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த அவளும் சிரிக்கவில்லை. இடது மணிக்கட்டு நேற்றிலிருந்து வீங்கிக் கிடந்தது. கதவில் மாட்டிக்கொண்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

பத்தரை டன்னில், கணினித் திரையில் அழுத்தத்தைக் காட்டும் கோடு ஏறுவதை நிறுத்தியது.

இறுகும் வரைதான் இறுகும். அதற்கப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் குறுக்காகப் பிளக்கும்; பாதித் துண்டு தோட்டா மாதிரி பறக்கும். அவர் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், திரையை அல்ல. வலது கண் அதற்கு நேர் எதிரே.

நிறுத்த நேரமில்லை. அவள் சும்மா இருந்தால் போதும், ஒரே ஒரு விநாடி.

சும்மா இருக்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, மனதார ஆசைப்பட்டாள்.

கை கேட்கவில்லை. காலரைப் பற்றி அவரைப் பின்னால் இழுத்துத் தள்ளி, தோளால் கதவை அறைந்து மூடினாள்.

டமார்!

அவர் முகம் இருந்த உயரத்தில் கண்ணாடி விரிசல் விட்டு நின்றது.

தரையில் விழுந்தவர் எழுந்தார். உடம்பெல்லாம் நடுக்கம். தான் பயந்ததை நாலு பேர் பார்த்துவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஓங்கி ஓர் அறை. அவள் தலை சுவரில் மோதியது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. முடியைப் பிடித்து, மறுபடி கையை ஓங்கிய பிறகுதான் இது எந்த இடம் என்று அவருக்கு உறைத்தது.

காலையில் ஒரே காரில் வந்து இறங்கி, வாசலைத் தாண்டியதும் ‘மேடம்’ என்று கூப்பிடும் அவள் கணவன், ஏழு வருடத்தில் முதல்முறையாக இடத்தை மறந்துவிட்டான்.



அவள் விபத்துப் பதிவேட்டை எடுத்தாள். கண்ணாடி உடைந்ததை எழுதினாள். கீழே உதடு கிழிந்ததை எழுதினாள். யாரால் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதினாள். பதிவேட்டை மற்றவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பேனாவ இங்க குடும்மா" என்றார் ஸ்டோர் கீப்பர்.

நேரில் பார்த்தவர்கள் கையெழுத்துப் போட அந்தப் பக்கத்தில் மூன்று கோடுகள்தான் இருந்தன. நாலாவது ஆள் ஓரத்தில் போட்டார்.