பக்கத்தில் இருந்த பழைய பிரவுசர்

ராபியாவின் கணினியில் இரண்டு பிரவுசர்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. பழையது ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் மூச்சு வாங்கும். புதியது கேட்ட மாத்திரத்தில் திறந்துவிடும். விளம்பரங்களையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அதனால் ராபியா புதியதோடு மட்டுமே பழகினாள்.

"இன்று அவள் எப்படி இருந்தாள்?" என்று பழையது தினமும் கேட்கும்.

"எனக்கென்ன தெரியும்? கேட்டதைக் கொடுத்தேன், பார்த்துவிட்டுப் போய்விட்டாள்" என்று புதியது சொல்லும்.

"அந்த நாட்களில் நான் திறக்கும்வரை அவள் கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பாள். அதுவரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்."

"அவ்வளவு நேரமா காக்க வைப்பாய்?" என்று புதியது சிரித்தது.

ஒரு நாள் ராபியா பழையதைத் திறந்தாள். வெளிநாட்டில் இருக்கும் மகளின் சிறுவயதுப் படங்கள் ஒரு பழைய தளத்தில் இருந்தன; அது புதியதில் திறக்கவில்லை. பழையது ஒவ்வொரு படத்தையும் மேலிருந்து கீழாக மெல்லக் காட்டியது. ராபியா காத்திருந்தாள். அவளுக்கு நெற்றியோர முடியில் நரை விழுந்திருப்பதை அது அப்போதுதான் கண்டது.

படங்களையெல்லாம் சேமித்துக்கொண்டதும், இனி இது எதற்கு என்று பழையதை நீக்கிவிட்டாள்.

மறுநாள், மகளுக்கு அனுப்புவதற்காக ஒரு படத்தைப் புதியதில் திறந்தாள். படம் உடனே வந்துவிட்டது. ஆனாலும் அவள் அனுப்பாமல், அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். புதியது முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தது.

அவள் எழுந்து போனதும் அது பக்கத்தில் திரும்பி, "இன்று அவள்..." என்று ஆரம்பித்தது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.