பூண்டுப் பல் அளவு

திரையில் பச்சை வந்தது.

கப்பல் சமையல்காரர் போனைக் கண்ணருகே இழுத்தார். பச்சை வரக் கூடாதே!

ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட மகள், கரையில் ஓர் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். தினமும் மதியம் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் அவள் படம் ஒன்றைப் போடுவார்கள். நடுக்கடலில் நெட் படுத்தும் பாட்டில் முழுப் படம் ஒரு நாளும் இறங்கியதில்லை. படம் வரும்வரை அதன் இடத்தைப் பிடித்து வைத்திருக்குமே ஒரு மங்கலான நிறக் கலவை, அது மட்டும் வரும். பிறகு வட்டம் சுற்றும், சுற்றும், அப்படியே நின்றுபோகும்.

அவருக்கு அது போதும். சுற்றிலும் வெள்ளை, நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு. முதல் நாள் மிளகு அளவு இருந்தது. முப்பத்தோராம் நாளான நேற்று, பூண்டுப் பல் அளவு.

கறையைக் கொஞ்சுகிற அப்பனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தலைமை எஞ்சினியர் தினமும் வாரிவிடுவார். வாரட்டும். நன்றாக இருக்கிறாள் என்று மனைவி தினமும் செய்தி அனுப்புகிறாள்தான். ஆனால் வீடு தீப்பிடித்தாலும் அவள் அப்படித்தான் அனுப்புவாள். திட்டு பொய் சொல்லாது.

இன்று அந்தச் செய்தியும் இல்லை. வெள்ளையும் இல்லை. திரை முழுக்கப் பச்சை.

ஐயோ, பெட்டியை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களோ?

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை இடுக்கி அந்தப் பச்சையையே பார்த்தார்.

இது தெரிந்த பச்சை அல்லவா! போன பயணத்தில் மூன்று கடை ஏறி இறங்கி அவரே வாங்கிக் கொடுத்தது. கண்ணைக் குத்துகிறது என்று திட்டிக்கொண்டே மனைவி உடுத்துகிற பச்சைச் சேலை. அதன் நடுவே, நெஞ்சுப் பக்கம், வாகாகச் சாய்ந்திருந்தது இளஞ்சிவப்புத் திட்டு.

மகள் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டாள். அவளைத் தூக்கி வைத்திருக்கிறவளுக்குச் செய்தி அனுப்பக் கை ஏது?

அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியும் கையுமாகச் சாப்பாட்டு அறைக்கு ஓடினார். தட்டோடு காத்திருந்த இருபத்திரண்டு பேர் முகத்துக்கு நேரேயும் போனை நீட்டினார்.

"என் பொண்ணுய்யா! மூக்கைப் பாருங்க, அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கா!"

தலைமை எஞ்சினியர் போனை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அட, ஆமாய்யா," என்றார். "அதே சப்பை மூக்கு!"